பத்துத் தடவை எழுதிய மூன்று வரி

முடி சிக்கெடுக்கும் இடத்தில் மின்விசிறி போடக்கூடாது. அந்தப் பட்டறையின் முதல் சட்டம் அதுதான். வெயில் காலத்தில் பதினோரு மணிக்கே தகரக் கூரை சுட ஆரம்பித்துவிடும். தலைக்கு மேல் விசிறி சும்மா தொங்கும். அதை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே வேர்க்க வேண்டியதுதான். தெரியாமல் ஒருவன் சுவிட்சைத் தட்டினால் ஒரு கிலோ முடி அறை முழுக்கப் பறக்கும். பறந்த முடியில் வேர் எது, நுனி எது என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது. வேரும் நுனியும் கலந்த முடி ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அதில் கட்டிய விக் நாலாம் நாளே சடை விழும். வாங்கினவன் புகார் எழுதுவான்.

புகார் என்ற சொல்லுக்கு அந்த வீட்டில் தனிப் பயம் உண்டு. இரண்டு வருடம் முன்பு ஒருத்தி அப்படித்தான் எழுதினாள். பணம் வந்து சேரும் ஆன்லைன் கணக்கை ஒரு மாதம் முடக்கி வைத்துவிட்டார்கள். அந்த மாதம் முதலாளி வீட்டிலேயே குழம்பில்லாமல் சோறு வெந்தது. எங்களுக்குக் கூலியே வரவில்லை.

எனக்கு ஆணிச்சீப்பு வேலை. கனமான பலகையில் விரல் நீள ஆணிகளைக் கூர் மேலே பார்க்க நெருக்கி அடித்திருக்கும். பலகை மேசையோடு திருகியிருக்கும். ஒரு பிடி முடியை எடுத்து அதன்மேல் அடித்து இழுக்க வேண்டும். குட்டை முடி ஆணிக்குள் தங்கிவிடும். நீள முடி கையோடு வரும். இருபத்து மூன்று வருடம் இழுத்ததில் என் வலது தோள் இடது தோளைவிட ஒரு விரல் இறங்கிவிட்டது. பட்டறையில் "சீப்பு எங்கே?" என்று சத்தம் கேட்டால் பலகையைத் தேடுகிறார்களா என்னைத் தேடுகிறார்களா என்று கொஞ்சம் பொறுத்துத்தான் தெரியும்.

பட்டறை கீழே, வீடு மேலே. நடுவில் இரும்புப் படிக்கட்டு. முதலாளியம்மா காலையில் அந்தப் படியில் இறங்கும் சத்தத்திலேயே அன்றைக்கு யாருக்குத் திட்டு என்று சொல்லிவிடலாம். அவருக்கு வயது அறுபத்திரண்டு. முடியில் அவரை ஏமாற்ற ஆள் பிறக்கவில்லை. வியாபாரி மூட்டையைப் பிரிக்கும்போதே கைவிட்டு, இரண்டு விரலால் நசுக்கி, "இதுல கால்வாசி பிளாஸ்டிக். எடுத்துட்டுப் போ" என்பார். வியாபாரி நெருப்புக்குச்சி கிழித்துக் காட்டுவான். அவர் சொன்ன இழை உருகிப் பாசிமணி மாதிரி சுருளும். தலையைத் தொடாமல், எதிரே நிற்பவரின் முடியில் சாயம் ஏறி எத்தனை மாதம் என்று சொல்வார். படிக்க மட்டும் தெரியாது. அதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. எதை நீட்டினாலும், "கண்ணாடிய எங்கயோ வச்சுட்டேன், நீ படி" என்பார். நாலு வருடமாக அந்தக் கண்ணாடி கிடைக்கவில்லை.

நாலு வருடம் என்பது மருமகள் வந்த பிறகான கணக்கு. அதற்கு முன்பு எல்லாம் தரகன் வழியாகத்தான். அவன் கொடுத்ததுதான் விலை. மருமகள் வந்து படம் எடுத்து, ஆன்லைனில் போட்டு, வெளிநாட்டு ஆட்களிடம் நேராக விற்க ஆரம்பித்தாள். பணம் வரக் கணக்குத் திறந்ததும் அவள்தான். வேலைக்கென்று ஒரு போன் உண்டு. துணிப்பையில் போட்டு, முடிச்சுப் போடும் பெண்கள் உட்காரும் சுவரில் ஆணியில் தொங்கவிட்டிருப்பாள். தரகனுக்குப் போன பாதிப் பணம் வீட்டுக்குள் வந்தது. மாமியாருக்கு அந்தப் பணம் பிடித்திருந்தது. அது வந்த வழி பிடிக்கவில்லை.

மகனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முடி கொள்முதல் அவர் வேலை. நல்ல மனிதர். அம்மா எது சொன்னாலும் "சரிம்மா" என்பார். பட்டறையில் அவருக்கு அதுவே பட்டப்பெயர். "சரிம்மா வந்துட்டாரா?" "சரிம்மா சாப்பிடப் போயிருக்காரு."

எனக்கு எழுத்து வந்தது நாற்பத்தெட்டாம் வயதில். இரண்டு பெட்டிகளின் லேபிளை மாற்றி ஒட்டிவிட்டேன். வழுக்கை விழுந்த ஓர் ஆளுக்கு இடுப்பு வரை நீண்ட பெண் முடி போய்ச் சேர்ந்தது. முதலாளியம்மா இரண்டு வாரக் கூலியைப் பிடித்தார். அன்றைக்கு மருமகள் என் மேசைக்கு வந்து, "அண்ணே, நாளைலேருந்து சாப்பாட்டு நேரத்துல கால் மணி நேரம் எனக்குக் குடுங்க" என்றாள். வீணான லேபிள் தாளின் பின்பக்கம்தான் என் சிலேட்டு. ஒரு வருடத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்க வந்தது. ஒரே மூச்சில் படிக்க இன்றைக்கும் வராது.

போன மழைக்காலத்தில் அந்தப் போனுக்கு ஒரு மெயில் வந்தது. மருமகள் படித்துச் சிரித்துவிட்டு எங்கள் எல்லோருக்கும் காட்டினாள்.

"இங்க பாருங்க. பணம் அனுப்புற கம்பெனி எழுதின மாதிரியே இருக்கா? அதே படம், அதே நிறம். ஆனா இது திருட்டு மெயில்."

"எப்படிடி சொல்ற?" என்றாள் முடிச்சுப் போடும் கண்ணாடிக்காரி. பட்டறையில் உண்மையாகவே கண்ணாடி போட்டிருந்தது அவள் ஒருத்திதான். வலைத்துணியில் ஒவ்வொரு முடியாகக் கொக்கி ஊசியால் முடிச்சுப் போட்டே பார்வை போனவள்.

"நம்ம கம்பெனி எழுதுனா கடைப் பேரைச் சொல்லித்தான் ஆரம்பிக்கும். இது வாடிக்கையாளரேன்னு பொதுவா கூப்பிடுது. யாரு என்னன்னே தெரியாம ஊர் பூரா அனுப்பியிருக்கான். அப்புறம் பாருங்க, உடனே செய், இல்லன்னா போச்சுன்னு அவசரப்படுத்துது. கீழ ஒரு பொத்தான். அதை அழுத்துனா கம்பெனி மாதிரியே ஒரு பக்கம் வரும். அதுல பாஸ்வேர்டப் போட்டா அவன் கைக்குப் போயிரும்."

"என் மூத்த மாப்பிள்ளையும் இப்படித்தான்" என்றாள் கண்ணாடிக்காரி. "பொண்ணு கேட்டு வந்தப்ப ஒரே அவசரம். இந்த வாரமே கல்யாணம்னான். நான் பொத்தான அழுத்திட்டேன்."

எல்லோரும் சிரித்தோம். அன்றைய பாடமாக மருமகள் எனக்கு மூன்று வரி சொன்னாள். பத்துத் தடவை எழுதச் சொன்னாள். கடைப் பெயர் சொல்லாத கடிதத்தைத் தொடாதே. அவசரப்படுத்தும் கடிதத்தை நம்பாதே. ரகசிய எண்ணை யாருக்கும் கொடுக்காதே. எழுதினேன். நன்றாக வந்த ஒரு தாளை எடுத்துப் போன் பைக்கு மேலே ஒட்டிவைத்தாள். என் எழுத்து சுவரில் ஏறியது அதுதான் முதல் தடவை. வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் காட்டினேன்.

இந்த வருட வெயிலில் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. ஆறு விக். ஐந்துக்கு இருப்பிலேயே முடி இருந்தது. ஆறாவதுக்கு முப்பது அங்குலத்துக்குக் குறையாமல், சாயமோ கத்தரியோ படாத, ஒரே தலை முடி வேண்டும். அப்படிப்பட்ட முடி லேசில் கிடைக்காது. ஆறுக்கும் சேர்த்துப் பாதிப் பணத்தை முன்பணமாக அனுப்பியிருந்தார்கள். தேதிக்குள் ஆறும் போய்ச் சேராவிட்டால் முழு முன்பணத்தையும் திருப்ப வேண்டும். கொள்முதலுக்குப் போன மகன், வெளியூர் வியாபாரியிடம் ஒரு தலை இருப்பதாகத் தகவல் சொன்னார். பணம் போனால் முடி வரும் என்ற நிலை.

அந்தச் செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணி இருக்கும். மருமகள் இரண்டு பெட்டிகளோடு பார்சல் ஆபீஸுக்குப் போயிருந்தாள். முதலாளியம்மா கீழே வந்தவர், போன் பைக்குள் மூன்று தடவை மணி அடிப்பதைக் கேட்டு, பையை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு போனார். பாதிப் படியில் நின்று, "சீப்பு, மேல வா" என்றார்.

இருபத்து மூன்று வருடத்தில் மூட்டை தூக்கத்தான் மேலே போயிருக்கிறேன். அன்றைக்கு நாற்காலியைக் காட்டினார்.

"உக்காரு. கண்ணாடிய எங்கயோ வச்சுட்டேன். இதுல என்ன போட்டிருக்குன்னு பாரு."

கால் மேல் ஒட்டியிருந்த முடியைத் தட்டிவிட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன். எங்கள் எழுத்திலேயே வந்திருந்தது. மேலே கம்பெனியின் நீலப் படம். கூட்டிக் கூட்டிப் படித்தேன். மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே. உங்கள் மீது புகார் வந்துள்ளது. உங்கள் கணக்கு இன்று ஒரு மணிக்கு முடக்கப்படும். கணக்கிலுள்ள பணத்தைக் காப்பாற்றக் கீழே உள்ள பொத்தானை அழுத்தி உறுதிசெய்யவும்.

"புகாரா?" என்றார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "சரியாப் படி."

"புகார்னுதாம்மா இருக்கு. தங்கச்சி பார்சல் போட்டுட்டு இப்ப வந்துரும். வந்ததும் பாத்துக்கட்டும்."

"ஒரு மணிக்கு முடக்கிருவான்னு நீதானே படிச்ச? அவ அங்க வரிசையில நின்னு ஊர்க்கதையெல்லாம் கேட்டுட்டு ஆடி அசைஞ்சு வருவா. எதுக்கெடுத்தாலும் அவ வரட்டும் அவ வரட்டும்னா, இந்த வீடே அவ தலையிலதான் நிக்குதுன்னு ஆயிரும். உனக்குப் படிக்கத் தெரியுமா, இல்ல சுவத்துல ஒட்டினது சும்மா படமா?"

"தெரியும்மா."

"அப்ப செய்."

அழுத்தினேன். பாஸ்வேர்ட் பீரோக் கதவின் உள்பக்கம் எழுதியிருந்தது. அதைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தட்டினேன். ஆறு எண் கொண்ட ஒரு செய்தி வந்தது. அதையும் கேட்ட இடத்தில் போட்டேன். நன்றி என்று வந்தது. அவர் மூச்சு விட்டார்.

"பாத்தியா. இதுக்கு என்ன பெரிய படிப்பு" என்று சொல்லி டீ கொடுத்தார். எங்களுடைய கண்ணாடித் தம்ளரில் இல்லை, வீட்டுக் கோப்பையில். நான் ஆற வைத்து மெதுவாகக் குடித்தேன்.

அந்த மூன்று வரியைப் பத்துத் தடவை எழுதியவன் நான். எழுதியபோது என் கண்ணெல்லாம் கொம்பும் சுழியும் சரியாக விழுகிறதா என்பதில்தான் இருந்தது. அந்த வரிகள் என்னிடம் எதையோ சொல்கின்றன என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

நாலு மணிக்கு மகன் வந்தார். வியாபாரி முடியை எடுத்து வைத்திருக்கிறான், உடனே பணம் போட வேண்டும் என்றார். ஆணிக்குத் திரும்பியிருந்த பையிலிருந்து மருமகள் போனை எடுத்தாள். பாஸ்வேர்ட் ஏற்கவில்லை. மறுபடி போட்டாள். ஏற்கவில்லை. நான் ஆணியில் முடியை அடித்துக்கொண்டிருந்தேன். அவள் விரல் நின்றது. மெயிலைத் திறந்து பார்த்தாள்.

"அத்தை, இதை யாரு திறந்தது?"

"எதை?"

"இந்த மெயிலை. திறந்து படிச்சிருக்கு. ஓடிபி வந்திருக்கு. முன்பணம் பூராத்தையும் எடுக்கச் சொல்லியிருக்கான்னு கம்பெனிச் செய்தியும் வந்திருக்கு."

முதலாளியம்மா படியிலிருந்து ஒரு எட்டில் இறங்கி அவள் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். "எடுத்தாச்சா? பணத்தத் தொலைச்சிட்டு என்னையவா கேக்கற? அந்தக் கருமத்த நோண்டுறது நீ ஒருத்திதானே?"

"நான் காலையில பதினொன்னரைக்கே பார்சல் ஆபீஸ் போயிட்டேன். இது பன்னெண்டே காலுக்கு வந்திருக்கு."

"போறதுக்கு முன்னாடி நோண்டிட்டு இருந்தத நான் பாத்தேன்."

"சீட்டு இருக்கு அத்தை. அதுல நேரம் அடிச்சிருக்கு, பன்னெண்டு இருபது. அங்கேருந்து நடந்து வரவே கால் மணி நேரம் ஆகும்." ரவிக்கைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினாள். வியர்வையில் நனைந்திருந்தது. முதலாளியம்மா வாங்கிப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார். நாலாகக் கிழித்து என் மேசைக்கடியில் குட்டை முடிக் கூடையில் போட்டார்.

"சீட்டு எவன் வேணும்னாலும் அடிச்சுத் தருவான்."

மருமகள் புருஷனைப் பார்த்தாள். அவர் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றிருந்தார்.

"நீங்களாவது சொல்லுங்களேன்."

"அம்மா பாத்தேங்கறாங்களே" என்றார் அவர்.

பிறகு அவள் என்னைப் பார்த்தாள். "அண்ணே, பன்னெண்டே காலுக்கு நீங்க இங்கதானே இருந்தீங்க? போனை யாரு எடுத்தா?"

முதலாளியம்மா என்னைப் பார்க்கவேயில்லை. கண்ணாடிக்காரி பார்த்தாள். மற்றப் பெண்கள் ஊசியை நிறுத்தாமல் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"நான் முடி சிக்கெடுத்துட்டு இருந்தேன் தங்கச்சி. கவனிக்கல."

அவள் சுவரில் என் எழுத்தைப் பார்த்தாள். பிறகு, "போனைக் குடுங்க அத்தை. உடனே கம்பெனிக்குச் சொன்னா நிறுத்திருவாங்க" என்றாள்.

"இனி அது உன் கைக்கு வராது" என்று முந்தானையில் முடிந்துகொண்டு மேலே போனார். மருமகள் கண்ணாடிக்காரியின் போனை வாங்கிக் கம்பெனிக்குப் பேசிப் பார்த்தாள். கணக்குக்குக் கொடுத்த போனிலிருந்தோ அந்த மெயிலிலிருந்தோ வந்தால்தான் செய்ய முடியும் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள்.

சாயங்காலம் கை கழுவும் இடத்தில் கண்ணாடிக்காரி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"யோவ் சீப்பு. மேல டீ நல்லா இருந்துச்சா?"

"நீ ஏன் வாயத் திறக்கல?"

"திறந்துட்டு? இந்தக் கண்ண வச்சுக்கிட்டு வேற எவன் எனக்கு வேலை குடுப்பான்? எனக்கு அந்தப் புள்ள எழுத்துச் சொல்லித் தரலய்யா. உனக்குத்தான் தந்துச்சு."

கையில் சோப்பு நுரை காயும்வரை நின்றிருந்தேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே மேலே கூப்பிட்டார். நாற்காலி காட்டவில்லை. நின்றுகொண்டே படித்தேன். இந்த மெயில் கடைப் பெயரைச் சொல்லி ஆரம்பித்தது. பொத்தான் எதுவும் இல்லை. நேற்றுப் பகல் பன்னிரண்டு முப்பதுக்கு உங்கள் கணக்கில் புதிய இடத்திலிருந்து யாரோ நுழைந்திருக்கிறார்கள். எடுக்கச் சொன்ன தொகையை நாளைக் காலை பத்து மணி வரை நிறுத்தி வைத்திருக்கிறோம். இது நீங்கள் இல்லையென்றால், நீங்கள் வழக்கமாகப் போகும் வழியில் கணக்குக்குள் சென்று புதிய பாஸ்வேர்ட் வைத்து, ரத்து செய்யுங்கள். அவ்வளவுதான். அவசரம் இல்லை, மிரட்டல் இல்லை.

அப்போது அந்த மூன்று வரியும் எனக்குக் கேட்டது. முதல் தடவையாக.

"அம்மா, இது நெசமான மெயில். பணம் இன்னும் போகல. தங்கச்சியக் கூப்பிட்டு இதைக் காட்டுனா..."

"நேத்தும் நீ நெசம்னுதானே அழுத்துன?"

"நேத்து தெரியலம்மா. இது வேற. கடைப் பேரு போட்டிருக்கு பாருங்க."

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே மருமகள் தொட்டியில் முடி அலசும் சத்தம் கேட்டது. சோப்புத் தண்ணீர் வாசனை மேலே வந்தது.

"அதுல நேரம் போட்டிருக்கா?"

"போட்டிருக்கும்மா. பன்னெண்டு முப்பது."

"அவ அந்த நேரத்துக்கு எங்க இருந்தா?"

"வந்துட்டு இருந்திருக்கும். வழியில."

"அப்ப இதை அவகிட்டக் காட்டுனா, நான்தான் பொய் சொன்னேன்னு அவ முன்னாடி நான் நிக்கணும்." அவர் குரல் உயரவில்லை. முடி விலை பேசும் குரல்தான். "படிச்சவ கீழ ஒண்ணு சொல்லுவா, அதை என் மகன் கேப்பான். நாளைக்கே தனி வீடுன்னு போயிருவாங்க. பணம் இன்னிக்குப் போனா நாளைக்கு வரும். அழிச்சிரு."

"அம்மா, அத்தனை பணம்மா."

"உன் பணமா? அழிக்கத் தெரியாதா? படிக்க மட்டுந்தான் தெரியுமா? நேத்து வந்ததையும் சேத்து அழி. பொத்தான அழுத்துன கை உன் கை. ஞாபகம் வச்சுக்க."

எப்படி அழிப்பது என்று மருமகள்தான் எனக்குக் காட்டித் தந்திருந்தாள். இரண்டையும் அழித்தேன். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நான் ஆணிச்சீப்பின் முன்னால் நின்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். முள் பத்தைத் தொட்டது, தாண்டியது. பட்டறையில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. மருமகள் அலசிய முடியைக் கயிற்றில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை வியாபாரி கடனுக்குத் தரமாட்டேன் என்று கையை விரித்துவிட்டான். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் முதலாளியம்மா அளவு நாடாவோடு கீழே வந்தார். மருமகள் பெண்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் நின்று, அவள் பின்னலை அவிழ்த்து, உச்சியிலிருந்து நாடாவை விட்டார். அவள் கையில் எடுத்த சோற்றோடு அப்படியே இருந்தாள்.

"முப்பத்து மூணு அங்குலம். சாயம் படாதது. நுனிகூட வெட்டாதது. நாலு வருஷமா பாக்கறேன், நல்ல முடி."

"அத்தை."

"தொலைச்சவ நீ. கட்ட வேண்டியவளும் நீதான்."

"இதை வெட்டுனா நான்தான் தொலைச்சேன்னு ஆயிடும்."

"ஆயி மூணு நாளாச்சு. வேண்டாமா, உன் அண்ணன் வீட்டுக்குப் போ. ஏற்கெனவே ஆறு பேரு அங்க ஒரே அறையில படுத்திருக்காங்க. ஏழாவதா நீ போய்ப் படு."

மகன் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். "நீங்க என்ன சொல்றீங்க?" என்று அவரைக் கேட்டாள்.

அவர் குழாயை மூடாமலே திரும்பினார். "முடிதானே" என்றார். "வளந்துரும்."

"கேட்டியா" என்றார் அம்மா. "டேய், பெரிய கத்தரிய எடுத்துட்டு வா."

"சரிம்மா."

அவள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கை கழுவி வந்து, முடிச்சுப் போடும் ஸ்டூலில் உட்கார்ந்தாள். எதிரே மேசையில் விக் மாட்டும் மரத்தலைகள் வரிசையாக இருந்தன. முதலாளியம்மா முதலில் வேர்ப்பக்கம் சிவப்பு நூலால் இறுக்கிக் கட்டினார். எந்த முடியானாலும் அப்படிக் கட்டிவிட்டுத்தான் வெட்டுவோம், வேர் எது என்று பிறகு தெரிய. நாலு வெட்டில் வந்துவிட்டது. வெட்டியதும் இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தார். பழக்க தோஷம். தராசில் போட்டார். ஒரு விக்குக்குச் சரியாக இருந்தது.

"சீப்பு, நீயே பாத்து இழு. ஒரு இழை அறக்கூடாது" என்று என் மேசையில் வைத்தார். இன்னும் உடம்புச் சூடு இருந்தது.

அவள் எழுந்து ஒரு துணியைத் தலையில் கட்டிக்கொண்டு, மிச்சம் இருந்த சோற்றை உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தாள்.

மூன்று மணிக்குத் தபால் வண்டி வரும். முன்பே முடிந்த ஒரு விக்குக்கு லேபிள் எடுக்க வேண்டும். அதற்குப் போன் வேண்டும். முதலாளியம்மா படியில் நின்றே போனைக் கீழே நீட்டினார். "லேபிள மட்டும் எடு. வேற எதையும் நோண்டாதே."

மருமகள் என் மேசைக்குப் பக்கத்துப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். நான் சிவப்பு நூல் கட்டின முனையைப் பிடித்து, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆணியில் விட்டுக்கொண்டிருந்தேன். அவள் முடியில் சிக்கே இல்லை. இழுக்க வேலையே இல்லாத முடி. கொஞ்ச நேரத்தில் அவள் விரல் நின்றது. அன்றைக்கு நின்ற மாதிரியே.

"அண்ணே. அழிச்சா உடனே போயிராது, உங்களுக்குத் தெரியுமா?"

நான் கையை நிறுத்தினேன்.

"குப்பைக்கூடைக்குப் போகும். முப்பது நாள் அங்க கெடக்கும். அதை நான் உங்களுக்குச் சொல்லித் தரல." போனை என் பக்கம் திருப்பினாள். இரண்டும் ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன. "ரெண்டாவதப் படிங்க."

"தங்கச்சி."

"சத்தமாப் படிங்க. எழுத்துக்கூட்டியே படிங்க. எனக்கு அவசரம் இல்ல."

படித்தேன். கடைப் பெயரைப் படித்தேன். பன்னிரண்டு முப்பதைப் படித்தேன். நாளைக் காலை பத்து மணி வரை என்பதைப் படித்தபோது கொக்கி ஊசிகள் எல்லாம் நின்றிருந்தன. கண்ணாடிக்காரி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். வாசலில் மகன், கட்டின பெட்டியைக் கையில் வைத்தபடி நின்று முழுவதையும் கேட்டார்.

"இது புதன்கிழமை காலையில வந்தது" என்றாள் மருமகள், அவரைப் பார்த்து. "படிச்சு, அழிச்சிருக்காங்க. முதல் மெயில் வந்தப்ப நான் பார்சல் ஆபீஸ்ல. உங்க அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. இந்தப் பட்டறையில எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஆள் வேற யாருன்னு உங்களுக்கே தெரியும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஆணிகளைப் பார்த்தேன். அவர் பெட்டியைக் கீழே வைத்தார். அவர் முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை. இரும்புப் படியில் இரண்டிரண்டு படியாக ஏறினார். மேலே கதவு மூடிக்கொண்டது.

அம்மாவின் குரல் மட்டும் கேட்டது, என்ன சொல்கிறார் என்று தெரியாத அளவுக்குத் தாழ்வாக, நிறுத்தாமல். மருமகள் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் ஏதோ நம்பிக்கை இருந்தது என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது.

கதவு திறந்தது. அவர் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். பெட்டியை எடுத்தார். துடைத்தார்.

"லேபிள் எடுத்தாச்சான்னு அம்மா கேக்கறாங்க" என்றார்.

அவள் போனில் தட்டினாள். மூலையில் இருந்த பிரிண்டர் ஒரு லேபிளைத் துப்பியது. கிழித்து அவரிடம் கொடுத்தாள். எழுந்து சுவரருகே போய், என் எழுத்தில் இருந்த தாளை ஓரம் கிழியாமல் பிய்த்து எடுத்தாள். மடித்து என் மேசையில், அவளுடைய முடிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"வேர், நுனி மாத்திராதீங்க அண்ணே" என்றாள். "இதுலயும் புகார் வந்துறப் போகுது."

மேலேயிருந்து, "சீப்பு, ஆச்சா?" என்று குரல் வந்தது.

"ஆகுதும்மா" என்றேன். முடியை எடுத்து ஆணியில் அடித்தேன்.